முதுகில் பெயர் போடாத ஜெர்சி

எங்கள் அணியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வந்தாலும் வரும். அந்தப் பெயர் இப்போது ஒரு கம்பெனியின் சொத்தாம். நான் வைத்த பெயர் அது. என் வீட்டு அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டே வைத்த பெயர். சரி, போகட்டும். அதை விற்றவளின் பெயரையும் எழுத மாட்டேன். அதற்குக் காரணம் சட்டம் இல்லை. அவள் என் மகளுக்கு ஞானத்தாய். எங்கள் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் என் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர்தான் இருக்கிறது.

நாங்கள் எட்டுப் பேரும் திரேஸ்புரத்தைச் சுற்றியுள்ள பெண்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகக் கால்பந்து விளையாடியவர்கள். பிறகு கல்யாணம், பிள்ளை, வேலை என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். நான் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் பில் அடிக்கிறவள். துறைமுகச் சாலையில் பூட்டிக் கிடந்த ஒரு உப்பு மூட்டைக் கிட்டங்கியில் யாரோ பச்சைப் பிளாஸ்டிக் புல்லை விரித்து, சுற்றிலும் பலகை அடித்து, உள்ளரங்க மைதானம் என்று போர்டு வைத்தார்கள். பக்கத்துக்கு ஐந்து பேர் ஆட வேண்டும். பந்து வெளியே போகாது, பலகையில் பட்டுத் திரும்பி வரும். தகரக் கூரைக்குக் கீழே வெக்கை ஆளைப் பொசுக்கும். அந்த வெக்கையில் முதல் நாள் நான் கோல் கம்பத்துக்கு நடுவில் போய் நின்றபோது என் வயதில் பாதி கழன்று போனது போல இருந்தது.

அடுத்த வருடமே பெண்களுக்கென்று ஒரு சின்ன லீக் ஆரம்பித்தார்கள். தருவைகுளத்தில் ஒன்று, எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டையில் ஒன்று என்று மொத்தம் ஆறு அணிகள். ஒவ்வொரு அணிக்கும் ஓனர் ஒருவர் வேண்டும், ஜிஎஸ்டி நம்பர் உள்ள ஒரு தொழில் அவர் பெயரில் இருக்க வேண்டும் என்றார்கள். எங்களில் அப்படி இருந்தது அவள் ஒருத்திதான். அவள் வீட்டுக்காரருடைய ஐஸ் கம்பெனி அவள் பெயரில் ஓடியது. "எனக்கு எதுக்குளா இந்த வம்பு?" என்று அவள் ஒதுங்கத்தான் பார்த்தாள். ஃபாரத்தை அவள் கையில் திணித்து, பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தவள் நான்.

எங்கள் இடது பக்க ஆட்டக்காரி ஒருத்தி மீன் ஏலக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். தொண்டை பெரிது, மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். அவள் அன்றைக்கே சொன்னாள்.

"ஏளா, டீமு நம்ம எட்டுப் பேருக்கும் சொந்தம்னு ஒரு வெள்ளப் பேப்பர்லயாவது எழுதி கையெழுத்து வாங்கி வையி."

எனக்கு வந்ததே கோபம். "ஒனக்குக் கோட்டியா புடிச்சிருக்கு? எம்பிள்ளைக்கு ஞானத்தாய் அவ. அவகிட்டப் போயி பேப்பர்ல எழுதிக் குடுன்னு கேக்கச் சொல்லுதியா?"

எங்கள் ஆட்களிடையே அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது. கோயிலில் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவளிடம் பத்திரம் கேட்டால், அது அவளைத் திருடி என்று சொல்வதற்குச் சமம். ஏலக்காரி வாயை மூடிக்கொண்டாள். நானும் பெருமையாக வீட்டுக்குப் போனேன்.

முதல் இரண்டு வருடமும் நன்றாகத்தான் போயிற்று. ஜெர்சியின் முதுகில் எண்ணுக்கு மேலே ஆளாளுக்கு அவரவர் பெயரை அச்சடித்தோம். என் பெயரை அத்தனை பெரிய எழுத்தில் கல்யாணப் பத்திரிகையில்கூட நான் பார்த்ததில்லை. மூன்றாம் வருடம்தான் இழுபறி. ஜெர்சிக்குப் பணம் கொடுத்துவந்த ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனி பின்வாங்கிவிட்டது. கிட்டங்கி வாடகை, வேன் கூலி எல்லாம் ஓனர் என்று கையெழுத்துப் போட்டவள் தலையில் விழுந்தது. எங்களால் முடிந்ததைப் போட்டோம். போதவில்லை என்று எங்களுக்கும் தெரியும். எப்படிச் சமாளிக்கிறாய் என்று நான் கேட்கும்போதெல்லாம், "அத விடுளா, நீ பந்தப் புடி" என்பாள். நானும் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் புது ஜெர்சி எடுக்கும்போது அவள் சொன்னாள், "இந்தத் தடவ முதுகுல பேரு வேண்டாம், நம்பர் மட்டும் போதும். ஒவ்வொரு எழுத்துக்கும் தனியா காசு கேக்கான்."

நியாயம்தானே என்று நினைத்தேன். அச்சடிக்கும் கடைக்கு நானே போனேன். கடைக்கார அண்ணாச்சி, "போன வருசம் பேரு போட்டீங்களேம்மா?" என்று கேட்டதற்கு, சிக்கனத்தைப் பற்றி அவருக்கு ஒரு பிரசங்கமே செய்துவிட்டு வந்தேன். மண்டையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த வருடம் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். மாதா சத்தியமாக யாரும் எதிர்பார்க்கவில்லை. அரையிறுதியில் கடைசி நிமிடத்தில் பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழுந்ததில் என் ஜெர்சி கை முட்டியில் கிழிந்துவிட்டது. இறுதி ஆட்டமும் எங்கள் கிட்டங்கியிலேயே நடக்க இருந்தது. என் மகள் தன் வகுப்புப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு வைத்திருந்தாள். எனக்கு முப்பத்தெட்டு வயது. முழங்கால் இன்னொரு வருடம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த ஒரு ஆட்டத்தை ஆடிவிட்டுக் கையுறையைக் கழற்றிவிடலாம் என்று இருந்தேன். வேறு எந்த ஆசையும் எனக்கு இல்லை.

"போட்டோ எடுக்கணும், எல்லாரு ஜெர்சியையும் வாங்கித் துவைச்சுக் கொண்டு வா" என்று அவள் சொன்னாள். எட்டு ஜெர்சியையும் என் கையால் துவைத்து, மொட்டை மாடியில் காயப்போட்டு, என்னுடையதன் கை முட்டியில் நீல நூலால் தையல் போட்டு, இஸ்திரி செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லா மணமா இருக்கு" என்று முகர்ந்து பார்த்துக்கூட வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை, யார்டில் லாரிகளுக்கு பில் அடித்துக்கொண்டிருந்தேன். ஏலக்காரி போன் செய்தாள். பின்னால் ஏலம் கூவும் சத்தம். "போஸ்டர் அனுப்பிருக்கேன், பாருளா," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

இறுதி ஆட்டப் போஸ்டர் அது. மேலே என் மகளின் ஞானத்தாய் படம், பக்கத்தில் மதுரையில் பயிற்சி மையம் நடத்தும் ஒருவர் படம். கீழே எங்கள் அணியின் பெயர். அதற்குக் கீழே எங்கள் ஜெர்சியில் எட்டுப் பெண்கள். ஒருத்தியைக்கூட எனக்குத் தெரியாது. ஒன்றாம் நம்பர் போட்டிருந்தவள் ஒல்லியாக, உயரமாக இருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கை முட்டியில் நீல நூல்.

அப்போதுதான் புரிந்தது. முதுகில் பெயர் வேண்டாம் என்று அவள் சொன்னது சிக்கனத்துக்காக இல்லை. சீசன் தொடங்கும் முன்பே விற்க முடிவு செய்துவிட்டாள். பெயர் போட்ட ஜெர்சியை அடுத்தவளுக்கு மாட்ட முடியாதே!

லீவு சொல்லிவிட்டு ஐஸ் கம்பெனிக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"உக்காரு, காப்பி சொல்லுதேன்."

"ஒன் காப்பிய நீயே குடி. நாங்க ஏழு பேரும் உயிரோடதான இருக்கோம்? ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொன்னா நீ விடுவியா?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "என் வளையல் ஏழெட்டு மாசமா அடகுல கெடக்கு. ஐஸ் கம்பெனிக்குக் கரண்ட் பில் கட்ட முடியல. அந்த மதுரைக்காரரு டீமுல முக்கால் பங்கு வாங்கிக்கிட்டாரு. கடைசி ஆட்டத்துல அவரு சென்டர் பிள்ளைங்கதான் ஆடணும்னுட்டாரு. ஆள மாத்த ஓனருக்கு உரிமை இருக்கு. நான் என்ன செய்ய?"

"வளையல் அடகுல இருக்குன்னு எங்கிட்ட சொன்னியா? இந்தா, கழுத்துல கெடக்கே செயினு, இதக் கழத்திக் குடுத்திருக்க மாட்டேனா?"

அவள் என் கழுத்தைப் பார்த்தாள். பிறகு மேசையில் இருந்த பில் புத்தகத்தைப் பார்த்தாள். "ஒன்கிட்ட வாங்க எனக்கு மனசு வரல," என்றாள்.

இன்றுவரை என்னால் செரிக்க முடியாதது அந்தப் பதில்தான். வாங்க மனசு வரவில்லை, விற்க மட்டும் மனசு வந்ததா? அவளுடைய கஷ்டம் பொய் இல்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் என்னைத் துவைக்க வைத்தாளே, என்னைத் தைக்க வைத்தாளே, அதை எப்படி மன்னிப்பது?

இறுதி ஆட்டத்துக்குப் போகாதே என்று வீட்டில் சொன்னார்கள். போனேன். முதல் வருடத்து ஜெர்சியை, என் பெயர் போட்டதை, தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, மகளோடு போய் எங்கள் கோலுக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கொஞ்சம் தள்ளி ஓனர்களுக்கு என்று வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கமிட்டியில் இருக்கும் நரைத்த தலைக்காரர் ஒருவர் வந்தார்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்கிடாத. டீம் பேரு போட்ட பழைய ஜெர்சிய உள்ள போடக்கூடாதாம். பேரு அவங்களுக்குத்தான் சொந்தமாம். ஓனரம்மா சொல்லிவிட்டாங்க."

"முதுகுல எம்பேரும் இருக்கு அண்ணாச்சி. அதையும் வித்துட்டாளான்னு கேட்டுட்டு வாங்க."

நல்ல மனுஷர், உண்மையிலேயே கேட்கப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். "இத மேல போட்டுக்கிட்டா பிரச்சின இல்லயாம்," என்று மடியில் வைத்துவிட்டுப் போனார். பிரித்தேன். புது ஜெர்சி. ஒன்றாம் நம்பர். முதுகில் பெயர் இல்லை. என் அளவு. எனக்கென்று முன்பே அடித்து வைத்திருக்கிறாள்; கடைக்காரரிடம் கேட்காமலே அவளுக்கு என் அளவு தெரியும். நான் அதை நாற்காலியில் விரித்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் கோலின் இடது கம்பத்துக்குப் பக்கத்தில் புல்விரிப்பின் ஒட்டு ஒன்று கொஞ்சம் மேடாக இருக்கும். தரையோடு வரும் பந்து அதில் பட்டால் சட்டென்று எழும்பும். அது எனக்குத் தெரியும், எட்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்த ஓனரம்மாவுக்கும் தெரியும். மதுரைப் பெண்ணுக்குத் தெரியாது. அவள் எனக்கு நான்கடி முன்னால், நான் தைத்த நீல நூலோடு நின்றிருந்தாள். "கொஞ்சம் முன்னால வந்து நில்லு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. இவர்கள் தோற்க வேண்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டுதான் வந்திருந்தேன்.

இரண்டுக்கு இரண்டு என்று இருந்தபோது, கடைசியில் புதுக்கோட்டைக்காரி ஒருத்தி தரையோடு உதைத்தாள். பந்து ஒட்டில் பட்டு எழும்பி, குனிந்தவளின் கைக்கு மேலே போய் வலையில் விழுந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாக, கூட்டத்துக்கு நடுவில், வெட்கமில்லாமல் அழுதேன். தோற்றது என் டீம். வேறு யாருடைய டீமாகவும் அதை அந்த நிமிடத்தில் என்னால் நினைக்க முடியவில்லை.

"நீ நெனச்சதுதானம்மா நடந்துச்சு, பெறகு எதுக்கு அழுத?" என்றாள் மகள்.

கையில் துடைக்க ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருந்த ஜெர்சியை உருவி, அதில்தான் முகத்தைத் துடைத்தேன்.