இங்கிலாந்துக் காகம்

பெரியப்பா இறந்த ஏழாம் நாள் பிற்பகல் அவருடைய மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. எனக்கு அப்போது பத்து வயது. உதவிக்கு யாரையும் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் மானம் போய்விடும்.

ஊரை விட்டு வந்தபிறகு மல்வேர்னில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ரவுண்ஹவுஸ் ஒன்றில் நாங்கள் இரண்டு குடும்பமாக இருந்தோம். பேஸ்மன்டில் நானும் அப்பாவும் அம்மாவும். மேலே பெரியப்பாவும் பெரியம்மாவும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லாதபடியால் என்னில் பாதி அவர்களுடையது என்பது பேசாமலே முடிவான விஷயம். பெரியப்பா வாரநாட்களில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்தார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் பஞ்சபுராணம் பாடினார். கல்யாண வீடோ செத்த வீடோ, தேவாரம் பாட அவரைத்தான் கூப்பிடுவார்கள். நெற்றியில் மூன்று குறி திருநீறு இல்லாமல் அவர் குப்பைப் பெட்டியைக்கூட வெளியே வைத்ததில்லை. பெரியம்மா அவரைவிட ஒரு படி மேலே. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பு வந்தால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வார்.

சனிக்கிழமைகளில் பெரியப்பா என்னை வெக்ஸ்போர்ட்டில் நடந்த தமிழ் வகுப்புக்குக் காரில் கூட்டிப்போவார். வீட்டு வாசலில் இருந்து புறப்படும்போது தேவாரக் கசெற் ஓடும். இரண்டாவது சிக்னல் தாண்டியதும் அதை வெளியே இழுத்துவிட்டு, சீற்றுக்குக் கீழே இருந்து இன்னொன்றை எடுத்துச் செருகுவார். அதன் மேலும் அவருடைய முத்துமுத்தான எழுத்தில் 'பஞ்சபுராணம்' என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே இருந்ததோ கிற்றாரும் மேளமும் நாலு ஆம்பிளைக் குரலும். எல்லாம் அறுபதுகளில் இங்கிலாந்தில் இருந்து கிளம்பி உலகத்தைக் கலக்கிய பாட்டுகள் என்றார். நெற்றியை மறைக்கும் தலைமயிரும், ஒட்டின காற்சட்டையும், கூர்ச் சப்பாத்துமாகப் பையன்கள் மேடைக்கு வந்தால் பெட்டைகள் மயங்கி விழுவார்களாம். "மேடைக்கு முன்னாலை ஸ்ரெச்சரோடை ஆக்கள் நிப்பினம்" என்று, தான் தூக்கிய மாதிரியே சொல்வார். திருநீறு உதிர உதிரத் தலையை ஆட்டி ஸ்ரியரிங்கில் தாளம் போடுவார். சிவப்பு விளக்கில் பக்கத்துக் கார்க்காரர்கள் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் அந்தச் சனிக்கிழமைக்காகத்தான் நான் வாரம் முழுவதும் காத்திருந்தேன்.

மூன்றாவது பாட்டின் நடுவில் ஒரு காகம் கரையும். பாட்டு முடியும் இடத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரிப்பாள்.

"பெரியப்பா, இங்கிலண்டிலையும் காகம் இருக்கோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவருக்கு வந்த சிரிப்பில் காரைக் கரையில் நிறுத்த வேண்டியதாயிற்று. "ஓமோம், அங்கையும் காகம் இருக்கு" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஆர் அந்தச் சிரிக்கிற ஆள்?"

"அவவோ? அவவுக்குப் பாட்டுப் பிடிக்கேல்லை" என்றார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "வீட்டிலை உதைச் சொல்லிப்போடாதை. பெரியம்மா அறிஞ்சா என்னைக் கலைச்சுப்போடுவா" என்றார்.

நான் அதை அப்படியே நம்பினேன். பெரியம்மா வீட்டை விட்டுக் கலைத்துவிட்டால் அவர் எங்கே படுப்பார் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். எங்கள் பேஸ்மன்டில் சலவை மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மெத்தை போட இடம் இருக்கிறதா என்று அடிமட்டம் வைத்து அளந்தும் பார்த்தேன்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை. செத்தவீடு நடந்தது. தேவாரம் பாட, பக்கத்து நகரமான மார்க்கத்தில் இருந்து யாரோ வந்து அவசரமாகப் பாடிவிட்டுப் போனார்கள். அப்பா தொழிற்சாலைக்குப் போய்ப் பெரியப்பாவின் காரை ஓட்டிக்கொண்டு வந்து, அதற்குள் கிடந்த சாமான்களை எல்லாம் ஒரு பையில் போட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்தார். அந்தக் கசெற்றும் அதற்குள் இருந்திருக்க வேண்டும். அழுகையில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

ஏழாம் நாள், குசினியில் பெரியம்மாவின் அண்ணி, எங்கள் மாமி, கணவாய் மீன் துப்புரவாக்கிக்கொண்டு இருந்தார். மறுநாள் எட்டுச்செலவு. செத்தவர் அன்றைக்குப் பசியோடு வீட்டுக்கு வருவார், அவருக்கு விருப்பமானதை எல்லாம் ஒரு அறைக்குள் படைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்க வேண்டும், அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்று அம்மா எனக்கு விளக்கியிருந்தார். அதைக் கேட்டதில் இருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. பெரியப்பா வருவார் என்ற சந்தோஷமும், வருவாரே என்ற பயமும் சரிபாதி.

"எல்லா வீட்டிலையும் பாடின மனுசன். நாளைக்கு அவருக்கு ஆர் பாடுறது?" என்றார் மாமி.

"அவரின்ரை குரல் ஒரு கசெற்றிலை கிடக்கு. அதைப் போடுவம்" என்றார் பெரியம்மா.

"பஞ்சபுராணமோ?"

"அப்பிடித்தான் மேலை எழுதியிருக்கு."

மாமா கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். பெரியம்மாவின் தமையன் அவர். அவர் வந்தால் ரீவி தானாக அணைந்துவிடும் என்று பெரியப்பா சொல்வார். "கணவாயும் விஸ்கியும் படைக்கிற இடத்திலை தேவாரமோ? நல்ல கதையாக் கிடக்கு" என்றார்.

"அவருக்கு விருப்பமானதெல்லாம் வைக்கிறம். உதையும் வைப்பம்" என்றார் பெரியம்மா. அந்தக் குரலைக் கேட்டதும் மாமா கதிரையை வந்த வழியே இழுத்துக்கொண்டு போனார்.

ஹோலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். கசெற் செற்றின் மேல் அது தனியாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அவரின் எழுத்து. சீற்றுக்குக் கீழே கிடந்து மூலை தேய்ந்த அதே பெட்டி. நாளைக்கு ஊர்ச்சனம் எல்லாம் கைகட்டி நிற்கும்போது, பெரியப்பா வாசலில் வந்து நிற்கும்போது, உள்ளே இருந்து கிற்றார் கிளம்பும். மாமா என்ன சொல்வார்? பெரியம்மா செத்தவரையும் கலைத்துவிட்டால் அவர் எங்கே போவார்? பாவம் பெரியம்மா, எழுத்தை நம்பி ஏமாந்து நிற்கிறார் என்று அவரை நினைத்தும் பரிதாபப்பட்டேன்.

ஒளித்து வைத்தால் தேடுவார்கள். எறிந்தால் பாவம். சொன்னால் வாக்குத் தவறும். சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு, பெரியப்பா எனக்குச் சொல்லித்தந்த வித்தை ஒன்றில் வந்து நின்றேன். எங்கள் செற்றில் இரண்டு கசெற் போடலாம், ஒன்றில் இருந்து மற்றதுக்குப் பதியலாம். கசெற்றின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னத் தகடுகளையும் உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் பதிய முடியாது. அந்த ஓட்டைகளை ஸ்கொச் ரேப் ஒட்டுத்தாளால் மூடினால் பதியலாம். அந்தக் கசெற்றில் இரண்டு தகடும் உடைக்கப்பட்டிருந்தன. ஏன் உடைத்து வைத்தார் என்று நான் யோசிக்கவில்லை. அம்மாவின் தேவாரக் கசெற்றை எடுத்துக்கொண்டு, ரேப்பை அளவாக வெட்டி, நேராக ஒட்டினேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற பிள்ளை இல்லை.

ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம். சத்தத்தைப் பூச்சியத்துக்குக் குறைத்துவிட்டுக் காவல் இருந்தேன். குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நிற்கும்போதெல்லாம் என் மூச்சும் நின்றது. முதல் பக்கம் முடிகிற நேரத்தில் அம்மா வந்துவிட்டார்.

"இதிலை இருந்து என்ன செய்யிறாய்?"

"பஞ்சபுராணம்" என்றேன். பொய் இல்லை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் தலையைத் தடவிவிட்டுப் போனார். நான் கசெற்றைத் திருப்பிப் போட்டு மற்றப் பக்கத்தையும் முடித்தேன்.

மறுநாள் மாமாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு விவாதம் நடந்தது. ஊரில் என்றால் இருட்டியபிறகுதான் படைப்பார்களாம். இங்கே ஆனி மாதத்தில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகாது. வந்தவர்களுக்கோ காலை ஐந்து மணி ஷிப்ற். கடைசியில் மேல் அறையின் திரைச்சீலைகளை இழுத்து மூடி, இதுதான் இருட்டு என்று முடிவு செய்தார்கள். வாழையிலையில் புட்டு, கணவாய்க் கறி, பொரித்த இறால், வடை, அரைப் போத்தல் விஸ்கி. அப்பா கோப்பிக் கடைக்குப் போய், இரட்டைச் சீனி போட்ட கோப்பியைக் காகிதக் குவளையோடு வாங்கி வந்து இலையின் ஓரத்தில் வைத்தார்.

பெரியம்மா தானே செற்றைக் கொண்டுபோய் அறைக்குள் வைத்தார். "சத்தம் கனக்க வேண்டாம். அவருக்குக் கேட்டாக் காணும்" என்று சொல்லி, பொத்தானை அமத்திவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். பிறகு அவர் செய்தது எல்லாருக்கும் புதினமாக இருந்தது. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

முதலில் வெறும் இரைச்சல். ஒழுங்காகப் பதியாமல் எங்காவது ஒரு துண்டு மிஞ்சியிருந்தால்? இரைச்சல் முடிந்து, ஏதோ ஒரு ஓதுவாரின் கணீர்க் குரல் கிளம்பியது.

"உது அவரின்ரை குரல் இல்லையே" என்றார் மாமா.

"இளவயசிலை பாடினதாக்கும்" என்றார் மாமி.

பெரியம்மா சட்டென்று கதவைத் திறந்தார். "ஐயோ, இடையிலை திறக்கக் கூடாது!" என்று மாமா கத்தினார். பெரியம்மா கேட்கவில்லை. உள்ளே போய்க் கசெற்றை வெளியே எடுத்து, மேலே எழுதியிருந்ததைப் பார்த்தார். அதன் முதுகைப் பெருவிரலால் தடவினார். மற்றப் பக்கத்தைத் திருப்பிப் போட்டார். அங்கேயும் ஓதுவார். அவர் அப்படியே இலைக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துகொண்டு, அந்த எட்டு நாளும் அழாத அழுகையை அழுதார்.

"இப்பதான் மனம்விட்டு அழுகிறா. நல்லது, அழட்டும்" என்றார் மாமி.

நான் பெரிதாக மூச்சு விட்டேன். பெரியப்பா தப்பிவிட்டார். அன்றைக்கு எனக்கு நல்ல பசி. மூன்று வடை சாப்பிட்டேன்.

இது நடந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. பெரியம்மா இப்போது மார்க்கத்தில் எங்களோடுதான் இருக்கிறார். அந்த வகைப் பாட்டுகளை நான் தனியே காரில் போகும்போதெல்லாம் கேட்பேன். பாடுகிறவர்கள் வேறு யாரோ, ஆனாலும் பெரியப்பா பழக்கிவிட்ட பழக்கம். ஆனால் பெரியம்மா காரில் இருந்தால் போடுவதில்லை. வாக்கு வாக்குத்தானே. போன மாதம் அவரைக் கண் டொக்ரரிடம் கூட்டிப்போனபோது, என் போன் தன்பாட்டில் காரோடு இணைந்து ஒன்றைப் பாடத் தொடங்கிவிட்டது. அந்த மூன்றாவது பாட்டு. நான் பதறிக்கொண்டு கையை நீட்டினேன்.

"நிப்பாட்டாதை" என்றார் பெரியம்மா.

மடியில் இருந்த கைப்பையில் ஒரு விரல் தாளம் போட்டது. பாட்டு முடிந்தது.

"நல்லாத்தான் பாடுறாங்கள். ஆனா இதிலை காகம் இல்லை" என்றார்.

நான் காரைப் பக்கத்துப் பிளாசாவுக்குள் திருப்பி நிறுத்தினேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கல்யாணத்துக்கு முன்பு, ஊரில் வெள்ளவத்தையில், பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்து அனெக்ஸில் நாலு கிளாக்கர்மார் வாடகைக்கு இருந்தார்களாம், அவர்களில் ஒருவர் பெரியப்பா. நெற்றி மறைய மயிர் வளர்த்து, கடன் வாங்கின கிற்றாரை வைத்துக்கொண்டு இங்கிலாந்துப் பாட்டுகளைப் பாடுவார்களாம். மாமா மதிலுக்கு மேலால் எட்டி ஏசுவாராம். ஒருநாள் யாரோ ஒலிப்பதியும் ஸ்பூல் மெஷின் ஒன்று கொண்டுவந்து பதிந்தார்களாம். அதைத்தான் பெரியப்பா பிறகு கசெற்றுக்கு மாற்றி வைத்திருந்தாராம்.

"நான் யன்னலுக்குள்ளை நிண்டு சிரிச்சுப்போட்டன். பாட்டுப் பழுதாப் போச்சு, திருப்பிப் பாடவேணும் எண்டு மற்றவை நிண்டவை. உங்கடை பெரியப்பாதான், இல்லை, உது கிடக்கட்டும் எண்டவர்."

"பெரியம்மா" என்றேன். "அதை அழிச்சது நான்."

"தெரியும். ரேப் அவ்வளவு நேரா ஒட்டியிருந்துது."

"ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"என்னத்தைக் கேக்கிறது? நீ அவரைக் காப்பாத்தினவள் மாதிரி வடையோடை நிண்டாய்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியப்பா ஒளித்தது மாமாவிடம் மட்டும்தான், என்னிடம் சொன்னது பகிடி என்பதும், பெரியம்மாவை வேலையில் இருந்து ஏற்றி வரும்போதும் அதே கசெற்தான் ஓடியது என்பதும் அப்போது அவர் சொல்லித்தான் தெரிந்தது. பெரியம்மா என் கையைத் தட்டிவிட்டு முன்னால் காட்டினார்.

"அழாதை. இன்னொருக்காப் போடு. அந்த இடம் வரேக்கை நான் சிரிக்கிறன்."

போட்டேன். பாட்டு முடியும் இடத்தில், சேலைத் தலைப்பை எடுக்காமல், களுக்கென்று சிரித்தார். சனிக்கிழமை சனிக்கிழமையாக நான் காரில் கேட்ட அதே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காரி இங்கிலாந்தில் எங்கோ இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவருக்குக் கீழேயே, பேஸ்மன்டில், நான் வருடக்கணக்காக இருந்திருக்கிறேன்.