சிக்கெடுக்கும் எஸ்தர்

நொச்சிக்குப்பத்து எஸ்தர் அவசரப்பட்டு எந்த ஒயரையும் வெட்டமாட்டாள். வலையில் சிக்கு விழுந்தால் இழுக்காமல், அறுக்காமல், நுனி தேடிப் பிரிக்கிற வீட்டில் பிறந்தவள். ஃபைபர் படகுகளுக்கு விளக்குப் போட்டுப் போட்டே கரண்டு வேலையைத் தானாகக் கற்றுக்கொண்டாள். பிறகு கார்களுக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மயிலாப்பூர் சங்கரன் வீட்டு ஷெட்டில் பதினெட்டு வருஷமாக நின்ற அம்பாசடர் அவள் கைக்கு வந்தது அப்படித்தான். ரிட்டையரான சங்கரன் தானே தேய்த்து, புதுப் பெயிண்ட் அடித்து மினுக்கியிருந்தார். டாஷ்போர்டுக்கு அடியிலோ, ஃபேனுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் யார் யாரோ இழுத்துவிட்ட ஒயர்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின.

“வெள்ளிக்கிழமைக்குள்ள லைட் எரியலேன்னா வண்டி காயலான் கடைக்கு. அந்த எடத்துல நான் பாட்டு க்ளாஸ் எடுக்கப்போறேன்” என்று அவர் மனைவி நீரஜா கெடு வைத்திருந்தாள்.

எஸ்தர் நாலு நாள் குனிந்தே இருந்தாள். ஒவ்வொரு நுனியிலும் ஒரு கலர் நூல். வேண்டாததை முழுசாக உருவிவிட்டு, மீதியை நைலான் நூலால் வலைமுடிச்சுப் போட்டுச் சேர்த்தாள்.

“ஜடை பின்னின மாதிரின்னா இருக்கு!” என்றார் சங்கரன்.

வெள்ளிக்கிழமை காலை இண்டிகேட்டரைப் போட்டாள். அதற்குப் பதில் ஹெட்லைட் மங்கி மங்கிக் கண் சிமிட்டியது. ஹாரன் தொண்டை கட்டியது போல முனகியது.

“யாரைப் பார்த்துடியம்மா கண்ணடிக்கறது?” என்றாள் நீரஜா.

“உங்களத்தான் மாமி!”

சிரித்துக்கொண்டே எஸ்தர் மறுபடி டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்தாள். எல்லா நுனியையும் தொட்டுப் பார்த்தாள். ஒன்றிலும் தப்பில்லை. பிறகுதான் உறைத்தது. ஃபைபரில் கரண்டு ஓடாது. படகில் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர். காரிலோ திரும்பி வரும் வழி அதன் இரும்பு உடம்புதான். தெரிந்த விஷயம். ஆனாலும் படகுக்காரி புத்தி ஒயரைத் தாண்டிப் போகவில்லை.

ஒயரை வண்டியின் உடம்போடு சேர்க்கிற எர்த் ஸ்க்ரூவைக் கழற்றினாள். அடியில் வழவழவென்று பெயிண்ட்; கரண்டு இரும்பைத் தொடவே வழியில்லை.

“இங்கதான் சார் கீது! இன்னா சார், இந்த எடத்துல கூடவா பெயிண்ட் அட்ச்சீங்க?”

“ஒரு எடம் விடலையே!” என்றார் சங்கரன் பெருமையாக.

“அதான் வம்பே. ஒரு ரூபா அகலத்துக்கு சொரண்டணும்.”

“நாலு கோட்டும்மா!”

“பெயிண்டு வோணுமா, வண்டி வோணுமா?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எஸ்தர் உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, ஸ்க்ரூவை முடுக்கினாள். ஹெட்லைட் பளீரென்று எரிந்தது.

நீரஜா ஏறி உட்கார்ந்து ஹாரனை அமுக்கினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. இன்னொரு தரம் அமுக்கினாள், கையை எடுக்கவில்லை.

“போறும் நீரஜா!”

“ஏன்னா, ஸ்ருதி சுத்தமா இருக்கே! க்ளாஸைக் கூடத்துலயே வெச்சுக்கறேன்.”