தொடைக்கடியில் இரண்டு கைகள்

பகலெல்லாம் கட்டிடங்களில் குழாய் பொருத்திவிட்டு, சாயங்காலம் தொழிற்பள்ளியில் ஆசிரியர் பயிற்சிக்கு ஓடுகிறவள் அவள். அன்று அவள் நடத்திய பயிற்சி வகுப்பில் ஒரு மாணவி குழாயை மாட்டத் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஸ்பேனரைப் பிடுங்கித் தானே மாட்டிவிட்டாள். சொட்டுத் தண்ணீர் கசியவில்லை.

"வேலை பிரமாதம். ஆனா அந்தப் பொண்ணு என்ன கத்துக்கிட்டா?" என்று பயிற்சியாளர் கேட்டது வீடுவரை அவளைக் குடைந்தது. இத்தனை வருஷம் பழகிய கை, சும்மா இரு என்றால் இருக்குமா?

வீட்டில் ஒழுகுகிற சமையலறைக் குழாயோடு கணவன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கீழே இருக்கும் வால்வை மூடாமலே கழற்றிக்கொண்டிருந்தான் மகராசன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்துக்கொண்டாள். கால் மட்டும் நிலைகொள்ளாமல் ஆடியது.

"முதல்ல தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாருங்க."

"குழாய்லேருந்துதான்!" என்று இன்னொரு திருகு திருகினான். பீறிட்ட தண்ணீர் இருவரையும் குளிப்பாட்டியது.

"உனக்குத்தான் தெரியும்ல? வந்து மூடேம்மா!"

அவள் எழுந்தேவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கைகளின் மேலேயே உட்கார்ந்தாள். "எங்கேருந்து வருதுன்னு பாருங்க."

அவன் குனிந்து, தடவித் தடவி வால்வைக் கண்டுபிடித்து மூடினான். சொட்டச் சொட்ட நிமிர்ந்தவன் முகத்தில் அப்படியொரு பெருமை.

"இதைத்தான் முதல்ல மூடணும், தெரிஞ்சுக்கோ!" என்று அவளுக்கே பாடம் எடுத்தான்.

"அப்படியா!" என்றாள். மரத்துப்போன கைகளை அவள் இன்னும் வெளியே எடுக்கவில்லை.