‘முருகா’ சொல்லாமல் எழுவது எப்படி?

உட்கார்ந்தவரை எழச் சொல்லித் திட்டு வாங்குவதற்குப் பெயர்தான் பிசியோதெரபி. திருத்தணியில் மலைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன அறை வைத்துக்கொண்டு பல வருஷமாக நான் அதைத்தான் செய்கிறேன். இதைப் படிக்கும் நீங்களும் ஐம்பதைத் தாண்டியவர் என்றால் ஒன்று கேட்கிறேன்: கடைசியாக நாற்காலியை விட்டு எழுந்தபோது என்ன சொல்லிக்கொண்டு எழுந்தீர்கள்? எங்கள் ஊரில் ‘முருகா’ என்பார்கள். கை முட்டியை அழுத்தும், வாய் முருகனைக் கூப்பிடும். தொடையில் சதை கரைந்துபோயிருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிடும்.

இளைத்த பெருமை

முனிரத்தினம் நைனா பள்ளிப்பட்டில் பவர்லூம் ஓட்டி ஓய்ந்தவர். எழுபத்திரண்டு வயது, மனைவி இல்லை, தனி வீடு. ஒருநாள் காலையில் தரையில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. அடிபடவில்லை, வலியும் இல்லை. காலில் பலம் இல்லை, அவ்வளவுதான். சாயங்காலம் பால்காரம்மா வந்து தூக்கும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். சென்னையிலிருந்து மகள் சுமதி ஓடிவந்து கெடு வைத்துவிட்டாள். ஆடிக் கிருத்திகைக்குள் அவரே தரையிலிருந்து எழப் பழகவேண்டும். இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு கிளம்பவேண்டும்.

என்னிடம் அழைத்து வந்தாள். அவர் தொடை இளைத்துக் குச்சியாகிக் கிடந்ததைப் பார்த்து முகம் சுளித்தேன். அவருக்கோ பெருமை தாங்கவில்லை. “தெருவுல அல்லாரும் சொல்றாங்கம்மா, தொப்பையெல்லாம் கரைஞ்சு வயசுப் புள்ளயாட்டம் ஆயிட்டேன்னு. நீங்க ஒருத்தர்தான் மூஞ்சச் சுளிக்கிறீங்க.”

கூப்பிட்டால் வருகிறவர்கள்

அதே நேரத்துக்கு வருகிற இன்னொருவர் பாஷா பாய். அரக்கோணத்தில் லாரி மெக்கானிக்காக இருந்தவர், கிட்டத்தட்ட அதே வயது, அதே தொடை. இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். கையை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், பத்து முறை எழுந்து உட்கார வேண்டும். நைனா ‘முருகா’ என்றார், பாய் ‘யா அல்லா’ என்றார். இரண்டு பேரும் பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

“கூப்ட்டா அவங்க ரெண்டு பேரும் வந்துர்றாங்கம்மா,” என்றார் பாய், “இந்தத் தொடைதான் வரமாட்டேங்குது.”

சுண்டல்

பயிற்சி மட்டும் போதாது, சதை வைக்கச் சாப்பாடும் வேண்டும். நைனாவுக்குக் காலையில் டீயும் பன்னும், மதியம் ரசம் சோறு, ராத்திரி கஞ்சி. முட்டை சாப்பிடுங்கள் என்றேன். விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார். செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு, நடுவில் கிருத்திகை, சஷ்டி. முட்டைக்கென்று ஒழிந்த நாள் அதிகம் மிஞ்சவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்து, கொண்டைக்கடலை, பயறு, வேர்க்கடலை எதையாவது குழைய வேகவைத்துத் தினமும் சுண்டலாகச் சாப்பிடுங்கள், கூடவே ஒரு கிண்ணம் தயிர் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

“சுண்டலா? அது மருந்தில்லம்மா, பிரசாதம். கை தானா நீளும்.”

மண் பை

காலில் கட்டிக்கொண்டு தூக்குவதற்கு ஒரு மண் பை கொடுத்தேன். நைனா அதை விரலால் தேய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அடுத்த வாரம் தன் பழைய லுங்கியில் தானே ஒரு பை தைத்து, நான் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மண் நிரப்பிக் கட்டிக்கொண்டு வந்தார். “நான் நெய்ஞ்ச துணிம்மா. பத்து வருசம் தாங்கும். நான் தாங்கணும், அவ்ளோதான்.”

ஜாக்கி

நைனா நாற்காலியை ஜெயித்துவிட்டார், தரையை ஜெயிக்க முடியவில்லை. புரண்டு மண்டி போடுவார், அதோடு சரி. ‘எடையை முன்னங்காலுக்கு மாற்றுங்கள்’ என்று படித்த பாஷையில் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் இருந்தது. ஒருநாள் அப்படியே தரையில் படுத்துவிட்டார். “விட்ருங்கம்மா. பொண்ணு சொல்றதே சரி. நான் போய்ட்றேன்,” என்றார்.

பாஷா பாய் தன் நாற்காலியை விட்டு மெல்ல இறங்கி அவர் பக்கத்தில் மண்டி போட்டார். எனக்கு எந்தப் புத்தகமும் தராத வார்த்தையை அவர்தான் தந்தார். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. “நைனா, ஒரு கால ஜாக்கியாட்டம் முன்னால நட்டு வை. ஜாக்கி நின்னுச்சுன்னா லாரியே ஏறும், நீ எம்மாத்திரம்?”

பூட்டு

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் நைனா என்னை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். போனால், மேஜைமேல் ஒரு புதுப் பூட்டு. சுமதி வாங்கி வந்தது. “நைனா, நீயே உக்காந்து நீயே எழுந்து காட்டு. நான் பேசாம போயிட்றேன்,” என்றாள். அன்றைக்கு எழ முடியாமல் கிடந்த அதே இடத்தில் அவர் உட்கார்ந்தார். புரண்டார், மண்டி போட்டார், வலது காலை முன்னால் நட்டார். பாதி எழுந்தவர் லேசாகத் தடுமாறினார். என் கை தானாக முன்னால் போனது, அடக்கிக்கொண்டேன். எழுந்து நின்றுவிட்டார், சத்தமே இல்லாமல்.

சுமதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நைனா மட்டும் ஏதோ தப்புச் செய்தவர்போல் விழித்தார். பிறகு சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கைகூப்பி, நிதானமாக ‘முருகா’ என்றார். “இத்தினி நாளு எழுந்துக்கறதுக்குக் கூப்ட்டுகினு இருந்தேன். இன்னிக்குத்தாம்மா சும்மா கூப்புட்றேன்.”

சாமியைக் கூப்பிடாமல் எழவைப்பதுதான் என் தொழில் என்றாலும், அன்று அந்த வீட்டு நாற்காலியிலிருந்து நான் எழுந்தபோது என் வாயில் வந்ததும் ‘முருகா’தான், கை இருந்ததும் முட்டிமேல்தான்.