ஒஸ்லோ, கொங்ஸ்விங்கர், ஹொனெஃபொஸ்: ஒரே ஞாயிறில் ஒரு பழைய தொகுதி

2006 ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் போய்வந்த பயணம் இது. கொங்ஸ்விங்கரையும் ஹொனெஃபொஸையும் ஒரே நாளில், கார் இல்லாமல் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அதற்குப் பிறகும் போகத்தான் போகிறீர்கள் என்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

போனது வீடு பார்க்க. ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை உள்ள ஃபிளாட். ஒன்றில் நானும் கணவரும், மற்றதில் பதினாறு வயதுத் துளசியும் ஒன்பது வயது மாயாவும். துளசி சோதனைக்குப் படிக்க உட்கார்ந்தால்தான் மாயாவுக்குக் கட்டிலில் ஏறிநின்று பாட்டு வரும். தனக்கென்று ஓர் அறை வேண்டும் என்று துளசி இரண்டு வருடமாகக் கேட்கிறாள். ஒஸ்லோவில் மூன்று அறை வீடுகளின் விலையைப் பார்த்தால் சாப்பிட்டது செமிக்காது. ஆகவே தூரப் போய் வாங்குவோம் என்பது கணவரின் கட்சி. அசையமாட்டேன் என்பது என் கட்சி. பக்கத்து ஹொல்ம்லியாவில் முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை, காலை ஏழரைக்கு அங்கே நிற்கவேண்டும். மூன்று கிழமைக்கு ஒருமுறை சனி, ஞாயிறும் வேலை. மற்றச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். இந்த நாட்டு மொழியான நொர்ஸ்க்கில் ஒரு சொல்லும் தெரியாமல் வந்து, விழுந்தெழும்பித் தேடிக்கொண்ட சீவியம் இது. அதை மூட்டை கட்டென்றால் கொதி வராதா?

இதற்குள் தொகுதி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். என் கணவர் இலங்கையில், ஊரில், குடியியல் படிப்பித்தவர். இங்கே தபால் பிரிக்கிற வேலை என்றாலும் உள்ளே இருக்கிற வாத்தியார் இன்னும் ஓய்வெடுக்கவில்லை. நூலகத்தில் கண்டுபிடித்தாராம்: நூறு வருடத்துக்கு முதல், ஒஸ்லோவுக்குக் கிறிஸ்தியானியா என்று பெயர் இருந்தபோது, கிறிஸ்தியானியா, ஹொனெஃபொஸ், கொங்ஸ்விங்கர் மூன்றும் பாராளுமன்றத் தேர்தலில் ஒரே தொகுதி. மூன்றும் சேர்ந்து நாலு பேரை அனுப்பின. நகரங்களுக்கு வேறு தொகுதி, நாட்டுப்புறத்துக்கு வேறு தொகுதி என்றிருந்த காலம். தனித்து நிற்க முடியாத சின்ன நகரங்களைத் தலைநகரத்தின் வாலில் கட்டிவிட்டார்கள். நோர்வே சுவீடனை விட்டுப் பிரிந்த காலத்தோடு அந்த ஏற்பாடும் போய்விட்டது.

போனதைப் போகவிடுகிற மனிதரா இவர்?

"இஞ்சாரும், நாங்கள் ஒஸ்லோவை விட்டுப் போகேல்லை. ஒரே தொகுதிக்குள்ளை இடம் மாறுறம், அவ்வளவுதான்."

"எந்தத் தொகுதி? அது செத்து நூறு வருசம்."

"பல அங்கத்தவர் தொகுதி. எங்கடை மத்திய கொழும்பு மாதிரி. சின்ன ஆக்களுக்கும் ஒரு இடம் கிடைக்கோணும் எண்டு செய்யிற ஏற்பாடு."

மத்திய கொழும்பு என்பது இலங்கையில் ஒருகாலம் மூன்று பேரைத் தெரிவுசெய்த தொகுதி. ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்கு. பிரித்தும் போடலாம், மூன்றையும் ஒருவருக்கே போடவும் செய்யலாம். தொகையில் குறைந்தவர்கள் அப்படிக் குவித்துப் போட்டு ஓர் ஆசனம் எடுப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்கிறேன், இப்போது நித்திரையிலும் ஒப்புவிப்பேன்.

ஒஸ்லோ மத்திய நிலையத்திலிருந்து கொங்ஸ்விங்கர் நூறு கிலோமீற்றர். ரயிலுக்கு ஒன்றேகால் மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ஒரு வழிக்குப் பெரியவர்களுக்கு நூற்று நாற்பது குரோனர், பிள்ளைகளுக்குப் பாதி. ஞாயிறில் ரயில் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் இரண்டு மணித்தியாலம் நிலையத்தில் தவம்தான். வழியில் லில்லெஸ்ட்ரோம் வந்தது. "இது தொகுதிக்குள்ளை இல்லை, அப்ப இது நகரம் இல்லை," என்று இவர் விளக்கினார். பத்து நிமிட தூரத்தில் இருப்பது வெளியே, நூறு கிலோமீற்றரில் இருப்பது உள்ளே. யார் கோடு கீறினார்களோ தெரியாது.

கொங்ஸ்விங்கரில் நிலையம் ஆற்றுக்கு இந்தப் பக்கம். நாங்கள் பார்க்கவேண்டிய வீடு அந்தப் பக்கம், கோட்டைக்குப் போகும் ஏற்றத்தில். பாலத்தில் அடித்த காற்றில் மாயாவின் தொப்பி பறந்து ஆற்றில் விழுந்தது. வீடு பார்க்கத் திறந்துவிடும் நேரத்தை இங்கே விஸ்னிங் என்பார்கள். வாசலில் நீலப் பிளாஸ்ரிக் உறையைக் காலில் மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களோடு வரிசையாகப் போய் மற்றவர்களின் குளியலறையைப் பார்க்கவேண்டும். வீடு நல்ல வீடு, பொய் சொல்லக்கூடாது. மேல் மாடியில் சரிந்த கூரைக்குக் கீழே ஓர் அறை. துளசி அதன் ஜன்னலோரம் நின்றவள், கூப்பிடக் கூப்பிட இறங்கி வரவில்லை.

வெளியே பக்கத்து வீட்டுக்காரர் இலை கூட்டிக்கொண்டிருந்தார். இவர் நேரே போய்த் தொகுதிக் கதையைத் தொடங்கிவிட்டார். மனிதர் பொறுமையாகக் கேட்டார். அவர் நொர்ஸ்க்கில் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன்: "எங்கடை ஊர் ஆள் ஒருத்தர் அப்பிடிப் போனதாய் நான் கேள்விப்படேல்லை. எப்பவும் ஒஸ்லோக்காரர்தானே." பிறகு பள்ளிக்கூடம் நல்லது, குளிர்தான் கொஞ்சம் கூட என்றார்.

நான் நிலையத்துக்கு முதலே நடந்துவந்து நேர அட்டவணைக்கு முன்னால் நின்றேன். வேலை நாளென்றால் காலை நாலு மணிக்கு எழும்பவேண்டும். ஞாயிறென்றால் முதல் ரயிலே என் வேலைக்குப் பிந்தித்தான். விரலை வைத்து இரண்டு முறை பார்த்தேன், மாறவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் பின்னால் வந்து, தானும் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார். இவர் பேசாமல் நிற்பது அபூர்வம், அதையும் நான் கவனிக்கவில்லை.

திரும்ப ஒஸ்லோ. அங்கிருந்து ஹொனெஃபொஸுக்குப் பேருந்து, அறுபது கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம், பெரியவர்களுக்கு நூற்றுப் பத்துக் குரோனர். மலையில் ஏறி இறங்கும் வளைவுகளில் மாயா இரண்டு முறை சத்தி எடுத்தாள். பை கொண்டுபோங்கள். இறங்கும்போது சாரதியிடம் தெருவின் பெயரைச் சொல்லி வழி கேட்டேன். "விஸ்னிங்கோ? முடிஞ்சிருக்குமே," என்று அவரும் நொர்ஸ்க்கில் சொன்னார். முடிந்துதான் இருந்தது. வீடு விற்கும் பெண் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள், பாவம் பார்த்து ஐந்து நிமிடம் திறந்துவிட்டாள். மாயா வீட்டுக்குள் வரவேயில்லை, முற்றத்திலிருந்த நனைந்த ட்ரம்போலினில் துள்ளிக்கொண்டிருந்தாள். ஊரின் நடுவே நீர்வீழ்ச்சி இருக்கிறது, அதை மட்டும் நான் நின்று பார்த்தேன்.

திரும்பும் பேருந்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்கடை கண்டறியாத தொகுதியிலை பொம்பிளையளுக்கு வாக்கு இருந்ததோ?"

"இல்லை. அது முடிஞ்ச பிறகுதான் வந்தது."

"அப்ப எங்கடை வீடும் அதே தொகுதிதான்."

 இவர் வீட்டு விளம்பரத் தாளைக் கிழித்து நாலு துண்டாக்கினார். மூன்று ஊரின் பெயரையும் ஒவ்வொன்றிலும் எழுதினார். ஆளுக்கு மூன்று வாக்கு, மூன்று புள்ளடி, பிரித்தும் போடலாம், குவித்தும் போடலாம், எந்த ஊர் முதலாவதாக வருகிறதோ அதுதான் என்றார். இவருடைய தொப்பிக்குள் மடித்துப் போட்டோம். நான் மூன்றையும் ஒஸ்லோவுக்கே குத்தினேன். அவர் படிப்பித்ததுதானே.

எண்ணினோம். ஹொனெஃபொஸ் மூன்று, கொங்ஸ்விங்கர் மூன்று, ஒஸ்லோ ஆறு. ட்ரம்போலின்காரி யாரென்று சொல்லத் தேவையில்லை. கொங்ஸ்விங்கர் இவர். அப்படியென்றால் ஒஸ்லோவின் மற்ற மூன்றும் என் துளசி. அவள் கையைப் பிடித்து அமத்தினேன். அவள் கையை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றும்போதுதான் சொன்னாள்: "நான் உங்களுக்குப் போடேல்லை, அம்மா. கொங்ஸ்விங்கருக்குத்தான் போட்டனான். அந்த மேல் ரூம் எனக்கு எண்டு நினைச்சிட்டன்." அழுதுகொண்டு குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். அழுவதற்கும் அவளுக்கு வேறு இடம் இல்லை.

அப்படியென்றால் ஒஸ்லோவுக்கு மற்ற மூன்றையும் குத்தியது இவர்தான். நான் இவரைப் பார்த்தேன். இவர் தொப்பியைப் பார்த்தார்.

"ஞாயிறிலை உமக்கு றெயில் இல்லை. நானும் பார்த்தனான்."

"அப்ப அங்கையே சொல்லியிருக்கலாமே. பிறகு என்ன இழவுக்கு ஹொனெஃபொஸ்?"

"தொகுதியை முழுசாய்ப் பார்க்கோணும் எண்டு."

இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அடிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. கொஞ்சநேரம் கழித்து நான்தான் கேட்டேன்: "பல அங்கத்தவர் தொகுதியிலை ரெண்டாவதாய் வந்த ஆளுக்கு என்ன நடக்கும்?"

"அவருக்கும் ஆசனம் உண்டு," என்றார் வாத்தியார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னார் என்று அவருக்கு விளங்கியது. எழும்பிப் போய் எங்கள் கட்டிலின் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார்.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும். கொங்ஸ்விங்கர் என்றால் கோட்டை, ஹொனெஃபொஸ் என்றால் நீர்வீழ்ச்சி. இரண்டு ஊரிலும் ஞாயிறில் கடை பூட்டு, ஒஸ்லோ குறொன்லாண்டில் முதல்நாளே ஏதாவது வாங்கி வையுங்கள். தொப்பிக்கு நாடா இருக்கட்டும். ஒஸ்லோவில் எங்கள் வீட்டில் தங்க வருகிறவர்கள் முன்கூட்டியே அறிவியுங்கள். நானும் இவரும் இப்போது வரவேற்பறையில் சோஃபாவை விரித்துத்தான் படுக்கிறோம், உங்களுக்குப் பாயை அதற்குப் பக்கத்தில் போடவேண்டும். வலதுபக்க அறைக்குள் மட்டும் கதவைத் தட்டாமல் போகாதீர்கள். அது துளசியுடையது.