மழைக்கு உதறிய கிடாய்

எங்கள் வீட்டுச் சாமி படத்தின் கீழே ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. வாய் கொஞ்சம் நசுங்கியது. இலங்கை மலையகத்தில், கொஸ்லந்த அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா கொழுந்து மலையில் வேலையும் முனியாண்டி கோயிலில் பூசையும் பார்த்த காலத்தில், பலி ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியது இந்தச் செம்பால்தான். ஆடு உடம்பை உதறினால் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். உதறாத ஆட்டை வெட்டக்கூடாது.

எனக்குப் பதினான்கு வயதில் வந்த திருவிழாவை மறக்க முடியாது. அண்ணன் பதுளையில் தங்கிப் படிக்க வேண்டும், வீட்டில் வழியில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் என்னைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்புவதென்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். என் துணிப்பை கூடத் தயாராக இருந்தது. கோயிலில், தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் கங்காணி நேர்ந்துவிட்ட கிடாயைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அப்பா செம்பை எடுக்கும் முன்பே தூறல் விழுந்தது. கிடாய் உடம்பை ஓர் உதறு உதறியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

"அதான் உதறிருச்சுல்ல, வெட்டுங்க பூசாரி" என்றார் கங்காணி.

"அது மழைக்கு உதறுச்சுங்க. சாமிக்கு உதறல" என்றார் அப்பா.

கங்காணி முன்னால் நிமிர்ந்துகூடப் பேசாத மனிதர் அவர். கிடாயைக் கூரைக்குள் இழுத்து, தன் துண்டால் துடைத்து, மூன்று முறை தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். அது அசையவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டார். கங்காணி முறைத்ததை அப்பா கவனிக்கவே இல்லை.

லயத்து வீட்டுக்குத் திரும்பியதும் என் பையைப் பார்த்தபடி அப்பா கேட்டார்: "ஒனக்குப் போக சம்மதமா தாயி?"

நான் பெரிய வாயாடி. அன்று வாயும் திறக்கவில்லை, தலையும் ஆட்டவில்லை. ஏதோ சொல்ல வந்த அம்மாவை அப்பா கையமர்த்தினார். கிடாய்க்குக் காத்திருந்த அதே பொறுமையோடு எனக்கும் காத்து நின்றார். பிறகு பையிலிருந்த என் சட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, தன் சாரம் இரண்டை மடித்து உள்ளே வைத்தார்.

மறுநாள் அந்த பஸ்ஸில் அப்பா போனார். கொழும்பில் ஒரு கடையில் வருடக்கணக்காக மூட்டை தூக்கினார். பூசையை வேறொருவர் ஏற்றுக்கொண்டார். அண்ணனும் படித்தான், நானும் படித்தேன்.

இப்போது பதுளையில் ஆசிரியையாக இருக்கிறேன். சாமி பலி கேட்குமா என்று பிள்ளைகள் கேட்பார்கள், எனக்குத் தெரியாது. ஆனால் சாமிக்குப் பயந்த ஒரு மனிதர், சாமியையே காக்கவைத்து ஓர் ஆட்டின் விருப்பத்தைக் கேட்டாரே, அதை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

செம்பைப் புளி போட்டுத் தேய்க்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். கிடாயைக் கேட்டார். என்னைக் கேட்டார். அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் படியிறங்கியபோது, போக அவருக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.