ஒல்லாந்தர் காட்டிய வீடுகள்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், கனடாவின் மொன்றியலில், எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவில் மண்டபத்தில் நடந்தது இது. ஞாயிறு பூசை முடிந்ததும் நெதர்லாந்திலிருந்து வந்த ஓர் ஒல்லாந்து முதியவர், தான் பிறந்த ஹோர்ன் என்ற சிறு நகரத்தைத் திரையில் காட்டினார். முப்பத்தொரு வீடுகள், எண்ணினேன். இலங்கையிலிருந்து கறுவாப்பட்டை கொண்டுபோன வணிகர்கள் கட்டியவையாம். எனக்கு அருவருத்தது; அவர் தந்த சீஸை ஒதுக்கி வைத்தேன். முந்நூறு வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, எங்கள் பூசையைத் தடைசெய்து, குருமாரான எங்கள் சுவாமிமாரைத் துரத்தியவர்களும் ஒல்லாந்தர்தானே! எங்கள் சனமோ அவர் கொடுத்த சீஸைத் தின்றபடி, "என்ன வடிவான ஊர்!" என்றது.

"இஞ்சாருங்கோ, ஒண்டும் கதைச்சுப்போடாதேங்கோ," என்றாள் மனைவி. "மனுசன் ஆசையாக் காட்டுறார்."

"களவெடுத்த காசில கட்டின வீட்டில என்ன வடிவு?" என்று எழுந்தேன். அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்: "எங்கள் பூசையை நீங்கள் ஏன் தடுத்தீர்கள்?"

அவர் கோபிக்கவில்லை. அடுத்த படத்தைப் போட்டார். ஒரு வீட்டின் கூரைக்கடியில் சிறு பூசைப் பீடம்.

"அந்தப் புரட்டஸ்தாந்து ஆட்சியாளர்கள் கத்தோலிக்கரான எங்களையும் தடுத்தார்கள். என் முன்னோர் இங்கே ஒளிந்துதான் பூசை கண்டார்கள்," என்றார்.

அவரும் ஞாயிறுதோறும் எங்கள் பூசைக்கு வருகிறவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வீடுகள்மேல் இன்றும் எனக்கு அருவருப்புத்தான். ஆனால் அன்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒதுக்கி வைத்திருந்த சீஸைத் தின்றேன்.